செவந்தியோட மாமன்

ஒரு ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. ஊரே அவள கிறுக்கின்னு சொல்லும். ஏன்னா, யாரு எதக் கேட்டாலும் உடனே குடுக்க மாட்டா. உப்பு கேட்டா, "என்ன குழம்பு?"ம்பா. என்ன சிரிப்பு? கேளுங்க.

ஒரு ஐப்பசியில அடைமழை பெஞ்சு, குளத்துக்கரை உடைஞ்சு, ஊருக்குள்ள வெள்ளம் வந்துட்டு. கையில கெடைச்ச பிள்ளைகள எல்லாம் மேட்டுல இருந்த கல்மண்டபத்துல கொண்டு சேத்தாங்க. தாய் தகப்பன்ல பாதிப்பேரு அக்கரையில மாட்டிக்கிட்டாங்க. பிள்ளைகளுக்குக் கஞ்சி காச்ச மாடத்திய வச்சாங்க. அதுல செவந்தின்னு ஒரு பொம்பளப்பிள்ளை, வெள்ளத்தப் பாத்த பயத்துல வாய் அடைச்சுப்போச்சு. மாடத்தி அது தலையத் துவட்டி, குளிர் அண்டாம காதோட சேத்துத் துணியக் கட்டி, இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சா.

அப்ப ஒருத்தன் வண்டி கட்டிக்கிட்டு வந்தான், பேரு பொன்னுலிங்கம். வாயில தேனு, மடியில பொரி உருண்டை. அவன் தொழில் என்ன தெரியுமா? வெள்ளம், கொள்ளைநோய்னு ஊர் கலங்குனா, தனியா நிக்கிற பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய் உப்பளத்துக்கு வித்துருவான், பாவி.

"நான் செவந்திக்குத் தாய்மாமன். பிள்ளையக் குடுங்க"ன்னான். செவந்தியோட அம்மா வேற ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, அவ கூடப்பிறந்தவன இங்க யாரும் பாத்ததில்ல.

ஊரு மணியக்காரர் கஞ்சிப்பானைய எட்டிப் பாத்தாரு, அடியிலதான் கெடக்கு. "ஒரு வாயாவது கொறையட்டும், குடுத்துரு மாடத்தி"ன்னாரு.

"குடுக்கேன் ஐயா, கேட்டுட்டுக் குடுக்கேன்"ன்னு அவன் பக்கம் திரும்புனா. "பிள்ளையப் பெத்தவ பேரு என்ன அண்ணாச்சி?"

"பேச்சிமுத்து." சரியாச் சொல்லிட்டான். மத்த பிள்ளைகளுக்கு உருண்டை குடுத்து விசாரிச்சுட்டுல்ல வந்திருக்கான்.

"வீடு எந்தத் தெரு?"

"மேலத்தெரு." அதுவும் சரி.

"போதும், விடுட்டி"ன்னு மணியக்காரர் அதட்டுதாரு. மாடத்தி நகரல.

"யாரு மடியில வச்சு இவளுக்குக் காது குத்துனாங்க?"

"தாய்மாமன் நான் இருக்கையில வேற யாரு மடி? என் மடியிலதான். கத்து கத்துன்னு கத்துனா. கருப்பட்டி குடுத்துல்ல அமத்துனேன்."

மாடத்தி பிள்ளை தலையில கட்டியிருந்த துணிய அவுத்தா. காது ரெண்டும் மொழுமொழுன்னு இருக்கு, ஓட்டையே இல்ல. படைக்குப் போன அண்ணன் வந்தாத்தான் குத்துவேன்னு பேச்சிமுத்து காத்துக் கெடந்தவ. அது இவனுக்கு எப்படித் தெரியும்?

பொன்னுலிங்கம் ஓடுனான், ஓடுனான், சேத்துல வழுக்கி விழுந்தான். ஊர்க்காரங்க அமுக்கிப் பிடிச்சுட்டு வண்டியப் பாத்தா, வைக்கோலுக்கு அடியில வேற ஊர்ப் பிள்ளைக ரெண்டு. பெத்த வயிறு என்ன பாடு பட்டிருக்கும், சொல்லுங்க.

ராசாகிட்ட கொண்டுபோனாங்க. "பிள்ளைகள வித்த உப்பளத்துலயே நீ உப்பு வாரு"ன்னுட்டாரு ராசா. அங்க இருந்த பிள்ளைகள எல்லாம் மீட்டு வீடு சேத்தாரு.

தண்ணி வடிஞ்சதும் பேச்சிமுத்து ஓடியாந்தா. "அம்மா"ன்னு ஒரே கத்து, செவந்திக்கு வாய் திறந்துட்டு.

தை மாசம் காதுகுத்து வச்சாங்க. படைக்குப் போன அண்ணன் வரவே இல்ல. யாரு மடியில உக்காத்தன்னு ஊரே யோசிக்கி. பேச்சிமுத்து நேராப் போய்ப் பிள்ளைய மாடத்தி மடியில வச்சா.

"பொம்பள மடியிலயா?"ன்னாரு மணியக்காரர்.

"எம் பிள்ளைக்கு மாமன் இவதான்"னுட்டா.

மாடத்திக்குக் கண்ணு நெறைஞ்சுபோச்சு. ஆனாலும் விட்டாளா? ஆசாரியப் பாத்து, "ஊசிய வெந்நீர்ல போட்டுக் கழுவுனீரா?"ன்னு கேட்டுட்டுத்தான் பிள்ளை காதக் காட்டுனா.

பிள்ளையக் கேட்டு வந்தா நாலு கேள்வி கேக்கணும், ஆமா. கதை கரையேறிட்டு, நீங்க பாயில ஏறுங்க.