வரையாடு தின்ற மனு

காட்டில் தேர்தல் முடிந்தது. வரையாடு வென்றது.

வாக்குக் கேட்டு வந்தபோது அதன் கொம்பு தரையைத் தொட்டது. வென்ற மறுநாளே மலை உச்சிப் பாறையில் ஏறி நின்றுகொண்டது. பார்க்க வேண்டுமானால் மேலே ஏறி வர வேண்டும்!

அந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் தாம் தோண்டிய கிழங்கில் ஒரு பங்கைப் பொதுக் குகையில் போடும். அதை யாருக்குக் கொடுப்பது என்று வென்றவர்தான் சொல்ல வேண்டும்.

சென்ற கோடையில் காடு எரிந்தது. தீ அணைந்தது, பயம் அணையவில்லை. பூவிழி என்ற புள்ளிமான் சருகு அசைந்தாலே தலைதெறிக்க ஓடும். மேயப் போகாது. எலும்பும் தோலுமாகிவிட்டது. அதைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

காட்டெருமை அவர்களை மருத மரத்தடிக்கு அழைத்து வந்தது. "ஓடணும்போல இருக்கா? என்மேல் சாய்ந்துகொள். என்ன சத்தம் கேட்டது, சொல்" என்று பொறுமையாகக் கேட்கும். சிலர் தேறி, மேய்ச்சலுக்கே போய்விட்டார்கள். பூவிழிக்கு இன்னும் நாளாகும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மலையணில் தேக்கிலையில் மனு எழுதியது: 'மரத்தடிக்குத் தினமும் இரண்டு கூடைக் கிழங்கு வேண்டும்.' வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆவாரம்பூ மாலையும் கட்டியது. அணிலும் எருமையும் மலை ஏறின.

வரையாடு மாலைக்குக் கழுத்தை நீட்டியது. அப்படியே தலையைத் திருப்பி, மாலையைத் தின்னத் தொடங்கியது.

"என்ன விஷயம்?"

"தலைவரே, தீக்குப் பிறகு புள்ளிமான் பூவிழியைப் போலப் பலருக்கு மனசு சரியில்லை" என்றது எருமை.

"மனசா? கால் ஒடிந்தால் காலைக் காட்டுவார்கள். மனசை எங்கே காட்டுவீர்கள்?"

சுற்றி நின்ற மந்திகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"மனுவில் எல்லாம் இருக்கிறது, தலைவரே! தினமும் இரண்டு கூடைக் கிழங்குதான் கேட்கிறோம்" என்றது அணில்.

வரையாடு மனுவை வாங்கியது. முகர்ந்தது. ஓரத்தைக் கடித்தது. பிறகு முழுவதையும் மென்று விழுங்கியது. "நல்ல மனு! நாளைக்கு அந்த மானை அழைத்து வாருங்கள். நானே சோதித்துப் பார்க்கிறேன்."

"இந்தக் கூட்டத்தில் அவள் பயப்படுவாள், தலைவரே" என்றது எருமை.

"அதைத்தானே பார்க்க வேண்டும்!"

வேறு வழியில்லை. மறுநாள் எருமையை ஒட்டி ஒட்டிப் பூவிழி மேலே வந்தது. வரையாடு பாறை விளிம்பில் நின்று தொண்டையைக் கனைத்தது.

"நான்கு காலும் நன்றாக இருக்கிறதே! இதற்கு இரண்டு கூடைக் கிழங்கா?"

தலைவர் வாய் திறந்தால் காய்ந்த மூங்கிலை ஒடித்து ஆரவாரம் செய்வது மந்திகளின் வழக்கம். ஒடித்தன. பட்! படபட! பட்!

தீயில் மூங்கில் வெடித்த அதே சத்தம். பூவிழி கண்மண் தெரியாமல் பாய்ந்தது. நேரே விளிம்பை நோக்கி!

எருமை குறுக்கே விழுந்து அதைத் தன் உடம்பால் தடுத்தது. அதற்குள் மானின் தோள் வரையாட்டின் மேல் மோதிவிட்டது. தலைவர் சரிந்து, கீழே ஒரு சின்னப் பாறைப் பிளவில் போய்ச் சிக்கினார்.

மந்திகள் ஓடிவிட்டன. எருமையும் அணிலும் கொடி கட்டி இழுத்து மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வரையாட்டுக்குப் பாறையைப் பார்த்தாலே கால் நடுங்கியது. கூழாங்கல் உருண்டால் கண்ணை மூடிக்கொண்டது. "நான்கு காலும் நன்றாக இருக்கிறதே, தலைவரே!" என்று மந்திகள் சிரித்தன.

பத்தாம் நாள் அது மருத மரத்தடிக்கு வந்து, தலை குனிந்து நின்றது.

"வாங்க, உட்காருங்க" என்றது எருமை.

பூவிழி ஒதுங்கி இடம் கொடுத்தது. அருகில் ஏதோ சலசலத்தது; வரையாடு திடுக்கிட்டது. "அது சருகு சத்தம்தான், பயப்படாதீர்கள்" என்றது.

சற்று நேரம் கழித்து வரையாடு மெதுவாகக் கேட்டது: "மேயப் போக முடியவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா?"

"இருந்திருக்கும், தலைவரே" என்றது அணில். "அதற்கான மனுவைத்தான் நீங்கள் தின்றுவிட்டீர்களே!"

கண்ணுக்குத் தெரியாத நோயைக் கேலி செய்கிறவன், அதற்கான மருந்தைத் தனக்கும் சேர்த்தே கெடுத்துவிடுகிறான்.