நாச்சிமுத்துவுக்கு வந்த இங்கிலீஷ் கடிதம்

நேராம்பாளையத்து ஜனங்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். ஒருமுறை பல் டாக்டர் நாச்சிமுத்துவிடம் "வாயை மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு திறக்கச் சொல்ல மறந்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் ஆள் விட்டு டாக்டரைக் கேட்டுவந்து, மனுஷன் கஞ்சி குடித்தார்.

இந்த நாச்சிமுத்துவின் மகள் கோகிலவாணிக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. முதல் வரன்காரர்கள் "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்றோம்" என்றார்கள். நாச்சிமுத்து அவர்கள் கூடவே போய், அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "பேசுங்க" என்றார். இரண்டாவது வரனைப் பற்றி அவர் பேசுவதில்லை.

மூன்றாவது வரன் புனேயிலிருந்து வந்தது. பையன் பெயர் நவநீதன். அவன் அப்பா முத்துரத்தினம் ஓய்வுபெற்ற இன்ஜினியர். நாற்பது வருஷமாக அங்கேயே இருந்ததில் தமிழ் பேச்சில் தங்கிவிட்டது, கையிலிருந்து போய்விட்டது. போன் இருந்தாலும், கல்யாண விஷயமெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் இங்கிலீஷில் ஐந்து வரி எழுதி அனுப்பியிருந்தார்.

நவநீதன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து கோகிலவாணி இரண்டு நாளாக நூல் கோக்காமலே தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த வரனும் போய்விட்டால் பெண் உடைந்துபோவாள் என்று நாச்சிமுத்து பயந்தார். மனைவி தெய்வானையின் தம்பி சென்னியப்பனை வரச் சொன்னார். சென்னியப்பனிடம் ஒரு ஆங்கில அகராதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கிடைத்த பரிசு. பக்கத்து வீட்டு ஆறுக்குட்டி, கோழிப்பண்ணையைப் பூட்டிவிட்டு, மூளை ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று தானும் வந்தான்.

முதல் வரி சுலபம். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறார்கள். இரண்டாவது வரியில்தான் சிக்கல். கல்யாணத்துக்கு ஒரு டேட் ஃபிக்ஸ் பண்ணி வைக்கும்படி எழுதியிருந்தது.

"மாமா, டேட்டுன்னா தேதிங்க," என்று சென்னியப்பன் விரல் வைத்துப் படித்தான். "அதுக்குக் கீழயே பேரீச்சம்பழமுன்னும் போட்டிருக்குது."

"ரெண்டுல எதுடா?"

"ரெண்டுமே அச்சுல இருக்குதுங்க."

முதலில் இருப்பதுதான் மூத்த அர்த்தம், அதற்குத்தான் மரியாதை என்றான் ஆறுக்குட்டி. அப்படியானால் இளைய அர்த்தம் என்ன பாவம் செய்தது, சும்மாவா அதை அச்சடித்தார்கள் என்றான் சென்னியப்பன். விவாதம் இரண்டு டம்ளர் காபி வரைக்கும் நீண்டது. கடைசியில் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒண்ணை விட்டுப்போட்டு, அவங்க கேட்டது அதுவா இருந்துச்சுன்னா வரன் போயிரும். எல்லா அர்த்தத்தையும் செஞ்சு போடுவோம். அதிகமாச் செஞ்சதுக்கு எந்தச் சம்பந்தியும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அப்படியே செய்தார்கள். ஜோசியரைக் கேட்டு ஆவணி பன்னிரண்டு என்று தேதி குறித்தார்கள். ஃபிக்ஸ் என்பதற்கு முடிவு செய்தல், அசையாமல் பொருத்துதல் என்று இருந்தது. காலண்டரில் ஆவணி பன்னிரண்டின் மேல் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து, மூன்று அங்குல ஆணியைச் சுவர்வரை இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஆவணி மாதம் முழுக்க எறும்பு. அது நல்ல சகுனம் என்று தெய்வானை சொன்னாள்.

மூன்றாவது வரி, தன் மனைவிக்கு ஃபேன் இல்லாமல் முடியாது என்றது. அகராதியில் மூன்று அர்த்தம்: விசிறி, ரசிகர், தானியம் தூற்றுதல். கூடத்தில் புது மின்விசிறி மாட்டினார்கள். தெய்வானை முறத்தோடு உட்கார்ந்து உமி தூற்றுவது என்று முடிவாயிற்று. ரசிகராக ஆறுக்குட்டியைப் போட்டார்கள்.

"யாருக்கு நான் ரசிகனா இருக்கோணும்?" என்று கேட்டான் அவன்.

"லெட்டர்ல பேரு போடலை. பொதுவா இரு."

ஆறுக்குட்டி அன்றே பழக ஆரம்பித்தான். குழாயில் தண்ணீர் வந்தால் கை தட்டினான். ஆடு எழுந்து நின்றால் விசில் அடித்தான்.

நான்காவது வரி, மதியச் சாப்பாடு லைட்டாக இருந்தால் போதும் என்றது. லைட் என்றால் வெளிச்சம், இன்னொன்று எடை இல்லாதது. வெளிச்சத்துக்கு மூன்று டியூப்லைட்டும் ஒரு பெட்ரோமாக்ஸும் ஏற்பாடாயிற்று. எடைக்குக் கோழிப்பண்ணைத் தராசு வந்தது. சோறு எடையில் தோற்றது, சாம்பார் படுதோல்வி. பொரியும் அப்பளமும் பஞ்சுமிட்டாயும் தேர்வாயின.

கோகிலவாணி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள், "ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமுன்னா இங்கிலீஷ்காரங்க எப்படிங்கப்பா பேசிக்குவாங்க?"

"அதனாலதான் அவங்க கம்மியாப் பேசறாங்க," என்றார் நாச்சிமுத்து.

ஐந்தாவது வரி, இறங்கியதும் ஒரு ரிங் கொடுக்கிறோம் என்றது. அகராதியில் மோதிரம் என்பதோடு பக்கம் கிழிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து மோதிர விரலில் விளக்கெண்ணெய் தடவி, கையை நீட்டியபடி பிளாட்பாரத்தில் நின்றார். ரயில் வந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. மோதிரம் வாங்கப்போகிற நேரத்தில் என்ன போன் என்று கட் பண்ணினார். மறுபடி அடித்தது, மறுபடி கட் பண்ணினார். நாலாவது தடவை கட் பண்ணியபோது, இருபதடி தள்ளி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு வழுக்கைத் தலைக்காரர் அவர் முன்னால் வந்தார்.

"நாச்சிமுத்து நீங்கதானுங்களா? ரிங் குடுத்துட்டே இருக்கறனுங்க, வாங்கவே மாட்டேங்கறீங்க."

"எங்கீங்க குடுத்தீங்க? விரலை நீட்டிட்டேதான நிக்கறேன்."

முத்துரத்தினம் அந்த விரலைப் பார்த்தார். தான் எழுதியதை ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நாச்சிமுத்துவின் விரலில் போட்டுவிட்டார்.

வீட்டில் இலை போட்டார்கள். டியூப்லைட் மூன்றும் எரிய, பெட்ரோமாக்ஸ் சீற, கூடம் உலைபோலக் கொதித்தது. முத்துரத்தினத்தின் மனைவி நிர்மலா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஃபேன் போடச் சொன்னாள். அந்தச் சொல்லுக்காகவே எல்லோரும் காத்திருந்தார்கள். சென்னியப்பன் விசிறியை ஐந்தில் வைத்தான். தெய்வானை முறத்தால் உமி தூற்றினாள். ஆறுக்குட்டி மூலையிலிருந்து எழுந்து கை தட்டினான்.

பொரி அத்தனையும் இலையைவிட்டு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றியது. உமி அதோடு சேர்ந்துகொண்டது. பஞ்சுமிட்டாய் முத்துரத்தினத்தின் கண்ணாடியில் போய் ஒட்டி, அவருக்கு உலகம் ரோஸ் நிறமாயிற்று. ஒரு அப்பளம் வாசல்பக்கம் பறந்தது. நவநீதன் எட்டி அதைப் பிடித்து, இரண்டாக உடைத்து, கதவோரம் நின்ற கோகிலவாணியிடம் பாதியைக் கொடுத்தான். ஆறுக்குட்டி விசில் அடித்தான்.

சென்னியப்பன் விசிறியை நிறுத்தினான். இதுவும் போயிற்று, பெண் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று நாச்சிமுத்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

முத்துரத்தினம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். எழுந்து காலண்டரிடம் போனார். பேரீச்சம்பழத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"நாப்பது வருஷமா லெட்டர் எழுதறனுங்க," என்றார். "ஆபீஸ்ல ஒருத்தன் முழுசாப் படிச்சதில்லை. நான் எழுதுன ஒரு வார்த்தைகூட வீணாகாமச் செஞ்சது நீங்க ஒருத்தர்தான். ஆவணி பன்னெண்டு கல்யாணமுங்க."

நாச்சிமுத்து அழுதுவிட்டார். தெய்வானை சோறு வடித்தாள்.

மத்தியானம் மூன்று மணி ரயிலுக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் புறப்பட்டபோது முத்துரத்தினம் ஜன்னல் வழியாக, "போயிட்டு வர்றோமுங்க," என்றார். நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு, சொன்னபடி வருவார்கள் என்று பிளாட்பாரத்திலேயே நின்றார்.

நாலு மணிக்கு எதிர்ப்பக்க ரயில் வந்தது. முத்துரத்தினம் குடும்பத்தோடு இறங்கினார்.

"அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துட்டோமுங்க."

நாச்சிமுத்து அகமகிழ்ந்து வரவேற்றார். ஒரு டீ குடித்தார்கள். அடுத்த ரயிலில் ஏறி அவர்கள் மறுபடி "போயிட்டு வர்றோமுங்க" என்றார்கள். மறுபடி வந்தார்கள். இப்படி மூன்று தடவை ஆனதும் நிர்மலாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வெறுமனே "போறோம்" என்று சொல்லிவிட்டால் என்ன என்று நவநீதன் கேட்டான். கல்யாணம் பேசிய வாயால் அப்படிச் சொல்லலாமா என்று இரண்டு பக்கமும் அவனைக் கண்டித்தார்கள். வழி தெரியாமல் எல்லோரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் யோசனை வந்தது.

"நீங்க மூணு தடவை அலைஞ்சுட்டீங்க. இங்கயே உக்காருங்க. உங்களுக்குப் பதிலா நாங்க புனேக்குக் கெளம்பறோம்."

இவ்வளவு நல்ல சம்பந்தி யாருக்கும் வாய்க்க மாட்டார் என்று முத்துரத்தினம் டிக்கெட்டையும் வீட்டுச் சாவியையும் எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்துவும் தெய்வானையும் சென்னியப்பனும் ஏறிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தது. நாச்சிமுத்து ஜன்னலில் தலையை நீட்டி, முறையாகக் கும்பிட்டார்.

"அப்பப் போயிட்டு வர்றோமுங்க."

"சரிங்க," என்று முத்துரத்தினம் பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து, எதிர்ப்பக்க ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.