மூட்டையில் தேள்

மலையேறி வந்த ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. மலைமேல் குடிலில் இருந்த சங்கிலிச் சாமி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். சாமி வயதில் இளையவர்தான். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு. லீவுக்கு ஊர் வந்தால் முதலில் இந்தக் குடிலுக்குத்தான் வருவார்.

எந்த நாட்டிலாவது கள்ளத்தனமாக அணுகுண்டு செய்கிறார்களா என்று நேரில் போய்ச் சோதித்துச் சொல்வது ஆவுடையப்பனின் உத்தியோகம். படித்த மனுஷன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டால் உலகம் அடங்கிவிடும் என்று நம்புகிறவர். பாவம்.

"முகம் ஏன்வே செத்துக் கெடக்கு?" என்றார் சாமி.

"ஒரு சின்ன நாடு சாமி. பக்கத்து நாட்டோட அதுக்குத் தலைமுறைப் பகை. இவங்க குண்டு செய்யுறாங்கன்னு பக்கத்து நாடு புகார் சொல்லிச்சு. புகார் சொன்னவங்களுக்குப் பரிஞ்சு பேச கடல் தாண்டி ஒரு பெரிய நாடு. சோதிக்கச் சொல்லி எங்களை அனுப்பினாங்க."

"இருந்துச்சா?"

"மருந்துக்குக்கூட இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன்."

"பொறவு என்ன?"

"பெரிய நாட்டுப் போர்க்கப்பல் கிளம்பிடுச்சு சாமி." ஆவுடையப்பன் சொம்பைக் கீழே வைத்தார். "அந்தச் சின்ன நாட்டுல இல்யாஸ்னு ஒரு என்ஜினியர். கதவைத் திறக்கவே மாட்டேன்னான். எல்லாத்தையும் காட்டிடுங்க, உங்க ஊர்மேல ஒரு குண்டு விழாது, நான் பொறுப்புன்னு அவன் கையைப் பிடிச்சுச் சொன்னேன். நம்பித் திறந்தான். மின்நிலையம், கிடங்கு, ராணுவ ஷெட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒளியுற பதுங்குகுழி வரைக்கும் காட்டினான். எல்லாத்தையும் வரைபடத்துல குறிச்சோம். ஒரு இடம் விட்டாலும் அங்கேதான் குண்டு இருக்கும்பாங்க. அதனால ஒண்ணையும் விடக் கூடாது."

"பக்கத்து நாட்டுக்காரன்கிட்ட குண்டு உண்டா?"

"அது ஊரறிஞ்ச விஷயம்."

"அங்கே போய்ச் சோதிச்சீரா?"

"அவங்க எங்களை உள்ளேயே விட மாட்டாங்க சாமி."

"ம்."

"இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் ஏன் வர்றாங்க? நான் எதைப் பார்க்காம விட்டேன்?"

சாமி மூலையில் கிடந்த ஆவுடையப்பனின் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்ம மூட்டைல தேள் இருக்கு" என்றார்.

அந்தக் குடிலில் வந்தவர் மூட்டையைத் தொடும் வழக்கமே கிடையாது. என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கவும் மாட்டார்கள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

"இல்லை சாமி."

"காட்டும்."

சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொட்டினார். வேட்டி, துண்டு, பழம் நறுக்க ஒரு சின்ன மடக்குக் கத்தி. கத்தியின் மடிப்புக்குள் தேள் இருக்கும் என்று சொல்லி, அதை வாசலுக்கு வெளியே பள்ளத்தில் வீசினார் சாமி.

"வாசல்ல சாத்தின உம்ம கம்புல பொந்து இருக்கும்."

"அது கரடிக்குப் பயந்து கொண்டுவந்தது சாமி."

சாமி கம்பை முழங்காலில் வைத்து முறித்தார். உள்ளே மரம்தான் இருந்தது. ஆவுடையப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சட்டையைக் கழற்றும். செருப்பையும்."

குருவாயிற்றே, மறுக்க முடியுமா? கழற்றினார். சாமி இரண்டையும் உதறிப் பார்த்துவிட்டு வெளியே போட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பு வேட்டியோடு, வெறுங்காலோடு நின்ற ஆவுடையப்பனுக்குப் பல் கிட்டித்தது.

சாமி கூரை எரவாணத்தில் செருகியிருந்த விறகு வெட்டும் அரிவாளை உருவினார். வாசலை மறித்து நின்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை ஆவுடையப்பன் அவரிடம் கண்டதில்லை.

"தேள் இல்லைன்னு இப்பவாவது நம்புறீங்களா சாமி?"

"இல்லைன்னு எனக்கு முதல்லயே தெரியும்வே" என்றார் சாமி. "திருப்பி அடிக்க உம்மகிட்ட ஏதாவது இருக்கான்னுதான் தெரியாம இருந்துச்சு."