விசேஷத்துக்கு மட்டும்

விசைத்தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில், தெய்வானை என்பவளின் காதுக்குள் மௌனம் குடியேறியிருந்தது. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, கோள் வேறு மூட்டும். "பாத்தியா, உம் புருஷன் உங்கிட்டப் பேசறதையே உட்டுட்டாரு." தெய்வானையும் நம்பினாள். அவளும் கணவர் செங்கோடனும் சைகையிலேயே காலம் தள்ளினார்கள். அவர் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்ற ஏக்கம் அவளை உள்ளுக்குள் அரித்தது.

மகள் காது மெஷின் வாங்கித் தந்தாள். தெய்வானை அதை ஜிமிக்கியோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். காதில் போடுகிற விலையுயர்ந்த சாமான் வேறெங்கே இருக்கும்?

"வா, வா," என்றது ஜிமிக்கி. "நம்முளுது சொகமான பொழப்பு. கல்யாணம் காதுகுத்துக்குப் போனாப் போதும். மத்த நாளெல்லாம் தூக்கந்தான்."

"நான் தூங்கிட்டா அவங்களுக்கு எப்படிக்கா கேக்கும்?" என்றது மெஷின். ஜிமிக்கிக்கு அந்தக் கவலையே இல்லை.

முதல் கல்யாணத்திலேயே தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மேளமும் பாத்திரமும் குழந்தைகளின் கூச்சலும் முண்டியடித்துக்கொண்டு காதுக்குள் நுழைந்தன. தெய்வானை மெஷினைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

"நான் இருந்தாத்தான் உனக்கு நிம்மதி," என்று மௌனம் சிரித்தது.

திருப்பிக் கொடுத்துவிடுவது என்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது பரிசோதிக்கும் நஸ்ரின், மெஷினை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள். "எப்பெப்பங்கம்மா போடறீங்க?"

"விசேஷத்துக்குத்தான் கண்ணு. தெனமுமா போடுவாங்க?"

நஸ்ரின் சிரிக்கவில்லை. "இது நகையில்லீங்கம்மா. இத்தன வருசமா சத்தமே வராம மூளைக்குப் பழக்கம் உட்டுப்போச்சு. எடுத்த எடுப்புல கல்யாண மண்டபத்துல நிறுத்துனா மெரளாதுங்களா? வீட்ல அமைதியா இருக்கறப்பக் கொஞ்ச நேரம் போடுங்க. தெனமும் போடோணும், கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிக்கங்க. மொதல்ல கரகரன்னுதான் இருக்கும், வெறுத்துக் கழட்டிராதீங்க."

மறுநாள் காலை, செங்கோடன் தறிக்குப் போனபின், சமையலறையில் மாட்டிக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா, மெல்லப் பழகிக்கலாம்," என்றது மெஷின். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல்தான். நாளாக ஆக, உலை கொதிப்பது தனியாகக் கேட்டது. புடவை உரசுவது கேட்டது. தன் வளையல் தன் கையிலேயே பேசுகிறது என்று தெரிந்தபோது அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். இத்தனையுமா இந்த வீட்டுக்குள் இருந்தது! மௌனம் மூட்டை கட்டத் தொடங்கியது.

ஒரு நாள் அவர் கிளம்பும் முன்பே அதை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மெஷின் கூந்தலுக்குள் மறைந்திருந்தது. செங்கோடன் தறிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டினார். பிறகு அவர் குரல் வந்தது.

"தெய்வான, போயிட்டு வாரன். ராத்திரியெல்லாம் இருமுன, வெந்நி வெச்சுக் குடி. உனக்குக் கேக்காதுன்னு தெரியும். ஆனாலும் சொல்லாமப் போனா எனக்குத் தறியில கை ஓடாது புள்ள."

அரிவாள்மனைமேல் அவள் கை அப்படியே நின்றது.

"தெனமும் சொல்லிட்டுத்தான் போறாரு," என்றது மௌனம், தலையைக் குனிந்துகொண்டு.

தெய்வானை திரும்பாமலே சொன்னாள். "சரீங்க. குடிக்கறன்."

வாசலில் செங்கோடன் செருப்போடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.