அச்சு செய்த சத்தியம்

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. அரிவாள் மழுங்கினால் தானே கூப்பிட்டுச் சொல்லும். கலப்பை கல்லில் இடித்தால் திட்டும். காசு அடிக்கிற அச்சுக்குப் பேச்சு குறைவு. அசந்து போனால் "போதும்" என்னும், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் சுத்தியல் நின்றுவிட வேண்டும். அச்சை எண்ணெயில் இறக்கி ஓய்வு கொடுப்பார்கள். அதனால் ஓர் அச்சு ஏழு தலைமுறைக்கு வந்தது.

அரண்மனைக்குக் காசு அடித்தவர் காளத்தி ஆசாரி. துருத்தி ஊதியவள் அவர் மனைவி வடிவாச்சி. கன்றுக்குட்டி பொறித்த அச்சைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் குளிப்பாட்டி எடுத்தவள் அவள்தான். அதனால் அச்சு அவளை "அம்மா" என்றே கூப்பிடும்.

முடிசூட்டு விழா வந்தது. "வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் ஏழு குடம் காசு. குறைந்தால் ஆசாரியின் கட்டைவிரல்" என்று ராஜாவின் ஆள் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு குடம்தான் நிறைந்திருந்தது. ஆசாரி கஞ்சி குடிக்கப் போன நேரம், அச்சு முனகியது.

"அம்மா, நெஞ்செல்லாம் வலிக்குது. போதும்னு சொல்லிரட்டுமா?"

வடிவாச்சி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "சொல்லாதே சாமி. சொன்னா அவரு சுத்தியலைக் கீழ வச்சிருவாரு. விரல் போனாப் போகட்டும்னு நிப்பாரு. அவரைத் தெரியாதா உனக்கு?"

"அப்போ நான்?"

"இன்னும் ஒரே ஒரு குடம். பல்லைக் கடிச்சுக்கோ. பேச மாட்டேன்னு என்மேல சத்தியம் பண்ணு."

சோறு ஊட்டும்போது 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று ஏய்ப்போமே, அந்தக் குரலில்தான் சொன்னாள். அச்சு சத்தியம் செய்தது.

ஆசாரி வந்து சுத்தியலை ஓங்கினார். "என்ன, உன் பிள்ளை இன்னைக்கு ஊமையாயிருச்சு?"

"நீங்க பேசுறதே ரெண்டு பேருக்குக் காணுமே" என்று அவளும் சிரித்து வைத்தாள்.

ஏழாம் குடம் பாதி நிறைந்தபோது, ஒரு காசில் கன்றின் வாயிலிருந்து கழுத்துவரை முடி ஒன்று ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அது முடி இல்லை. அச்சில் விழுந்த விரிசல், காசில் கோடாகப் புடைத்திருந்தது. அடுத்த காசில் அந்தக் கோடு இன்னும் நீளம். அவள் காசைக் குப்புறக் கவிழ்த்துக் குடத்தில் போட்டாள்.

கடைசிக் காசுக்கு விழுந்த அடியில் 'ணங்' என்ற ஓசை இல்லை. மண்சட்டி உடைகிற சத்தம்தான் கேட்டது. அச்சு இரண்டாகக் கிடந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!" என்று ஆசாரி துண்டுகளை மடியில் அள்ளி அழுதார். வடிவாச்சி கடைசிக் காசையும் குப்புறக் கவிழ்த்துக் குடத்தில் போட்டாள். குடம் நிறைந்திருந்தது. விரல் தப்பியது.

பிறகு புது அச்சு செய்தார்கள். அதையும் அவள்தான் காய்ச்சிக் குளிப்பாட்டினாள். "ஒரு தடவை அம்மான்னு சொல்லு சாமி" என்று தட்டித் தட்டிக் கேட்டாள். வெறும் இரும்பின் ஓசைதான் வந்தது. ஓர் அச்சு செய்த சத்தியத்தை இரும்பினமே ஏற்றுக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் அச்சு வலியை உள்ளேயே வைத்துத் தேய்கிறது, விரிசல் விடுகிறது, ஒருநாள் சொல்லாமல் உடைகிறது. அடிப்பதற்கு முன்னால் அதைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார்களே, அதுவும் அன்று முதல்தான்.