தேக்கிலையும் வேப்பிலையும்

பேராறு ஒன்று குறுக்கே பாயும் காட்டில், விலங்குகள் எல்லாம் கூடிக் கொடிகளால் ஒரு தொங்குபாலம் கட்டியிருந்தன. அதற்குக் கூலி கிடையாது, குழந்தைகளே! யாரும் வந்து முடிச்சுப் போடலாம். யாரும் நடந்து போகலாம்.

ஒரே ஒரு விதி உண்டு. முடிச்சிட்ட கொடியை உடும்பு சோதித்து, 'சரி' என்ற பிறகுதான் பாலத்தில் சேர்க்க வேண்டும். யாருடைய வேலை என்று தெரிவதற்காகக் கரடி தன் முடிச்சில் தேக்கிலையைச் செருகும். வஞ்சி என்ற கீரி வேப்பிலையைச் செருகும்.

ஒரு நாள் மேற்கு மலையில் இடி உருண்டது. வெள்ளம் வரப்போகிறது! பள்ளமான அக்கரையில் மான் கூட்டம் குட்டிகளோடு தவித்தது. வஞ்சி பாலத்தில் ஓடிப் பார்த்தது. ஐயோ! நடுவில் தேக்கிலை செருகிய முடிச்சுகள் நெகிழ்ந்து கிடந்தன.

வஞ்சி மளமளவென்று ஒரு புதுக்கொடியை முறுக்கி, இறுக முடிச்சுப் போட்டு உடும்பிடம் ஓடியது.

"வேப்பிலையா? அந்தப் பாறைமேல் வை. பார்க்கப் பத்து நாள் ஆகும்" என்றது உடும்பு.

அப்போது கரடியும் ஒரு கொடியோடு வந்தது.

"வாருங்கள் அண்ணா! உங்களுடையது சரிதான்" என்றது உடும்பு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வஞ்சிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, விதி எங்களுக்கு மட்டும்தானா?"

"அவர் இந்தப் பாலத்துக்கு முதல் கொடி இழுத்தவர். பிடிக்கவில்லை என்றால் நீ தனியாக ஒரு பாலம் கட்டிக்கொள்!"

சுற்றி நின்ற விலங்குகள் சிரித்தன. வஞ்சிக்கு அழுகை முட்டியது. போய்விடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் அக்கரையில் மான்குட்டிகள் கத்தின.

மீண்டும் இடி இடித்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்த நொடியில், வஞ்சி பாறைமேல் கிடந்த இரண்டு கொடிகளின் இலைகளையும் மாற்றிச் செருகியது.

"மாமா, இரண்டையும் ஒரு தடவை பாருங்களேன்!"

உடும்பு தேக்கிலைக் கொடியைத் தூக்கியது. "ஆகா! இதுவல்லவா முடிச்சு!" வேப்பிலைக் கொடியைத் தூக்கி உதறியது. "இதெல்லாம் ஒரு முடிச்சா? போய்க் கற்றுக்கொண்டு வா!"

"கரடியண்ணா, இரண்டையும் இழுங்கள்!" என்று கூவியது வஞ்சி.

கரடி வேப்பிலைக் கொடியை இழுத்தது. பொலபொலவென்று அவிழ்ந்தது! தேக்கிலைக் கொடியைக் காலூன்றி, உறுமி, மூச்சுப் பிடித்து இழுத்தது. ஊஹூம், அசையவே இல்லை!

"இலைகளை மாற்றி வைத்தது நான்தான்" என்றது வஞ்சி.

கரடி தன் கையில் அவிழ்ந்து தொங்கிய கொடியையே பார்த்தது.

"இது என் முடிச்சு" என்றது கரடி மெல்ல. "உடும்பே, பார்க்காமலே சரி என்றாயே! குட்டிகள் ஆற்றில் விழுந்திருந்தால்? இனி இலையே வேண்டாம். முடிச்சை மட்டும் பார். முதலில் என்னுடையதைப் பார்!"

அவ்வளவுதான்! காடே பாலத்துக்குப் பாய்ந்தது. குரங்குகள் கொடி வீசின, வஞ்சி முடிச்சிட்டது, உடும்பு ஒவ்வொன்றையும் பல்லால் இழுத்துச் சோதித்தது. கரடியின் முடிச்சுகளில் மூன்று தேறவில்லை. கரடி முணுமுணுக்காமல் மறுபடி கட்டியது.

மான்கள் தடதடவென்று ஓடிவந்தன. கடைசிக் குட்டி கரையில் குதித்ததும், நுரை கக்கிக்கொண்டு வெள்ளம் பாலத்தில் மோதியது. பாலம் ஊஞ்சலாய் ஆடியது, அறுந்துவிடவில்லை!

நீதி: ஆளைப் பார்த்து வளைகிற விதி யாரையும் காப்பாற்றாது.