பூஜையில் வைத்த பிளாஸ்க்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு. குரு சீடரை ‘சார்’ என்று கூப்பிடுவார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். கரூரில் இதையெல்லாம் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, எல்லோருக்கும் அவரவர் வேலை இருக்கிறது.

பூங்கோதை பதினொரு வருடமாக நெசவுக்கூடங்களுக்கு ஆலோசனை சொல்லி வருபவர். வையாபுரி முப்பது வருடம் ஒரு மில்லில் மேனேஜராக இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் அதே தொழிலில் குதித்தவர். எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் பத்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். பதினோராவது நிமிடம் சொல்லியும் விடுவார். சொல்வது சரியாகவே இருக்கும். முதலாளி காப்பி கொடுத்து அனுப்பி வைப்பார். அதோடு சரி, அப்புறம் போன் வராது.

ஆயுத பூஜை அன்று காலை குருவின் ஆபீசுக்கு வந்தபோது வையாபுரியின் முகம் வாடிக் கிடந்தது.

“பழைய மில்லுல திரும்பக் கூப்பிடறாங்க மேடம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். வீட்டுல, பேசாம போய்ச் சேருங்கன்னு சொல்றாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கு இந்தத் தொழில் புடிச்சிருக்குதுங்க. தொழிலுக்குத்தான் என்னைப் புடிக்கல.”

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தனக் கிண்ணத்தோடு மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, கதவுக்கு ஒரு பொட்டு. நடு மேசையில் வாழையிலை போட்டு, அதன்மேல் மூடி நசுங்கிய பழைய பிளாஸ்க் ஒன்றை வைத்திருந்தார். இருப்பதிலேயே பெரிய பொட்டு அதற்குத்தான்.

“இது எதுக்குங்க மேடம் இங்க?”

“ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வைக்காம? முதல் வருஷம் விசிட்டிங் கார்டு டப்பாவை வெச்சேன். ஆயிரம் அடிச்சதுல முக்காவாசி அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் நான் எழுதின ரிப்போர்ட்டையெல்லாம் அடுக்கி வெச்சேன். அதுல பாதி, நான் கட்டின கயிறைக்கூட யாரும் பிரிக்காம திரும்பி வந்தது.”

“மூணாவது வருஷம்?”

“தொண்டை கட்டிக்கிச்சு.”

வையாபுரி புரியாமல் பார்த்தார்.

“பெட்ஷீட் கம்பெனி ஒண்ணு. வர்றேன்னு சொல்லியாச்சு, போகாம இருக்க முடியாது. குரல் சுத்தமா வரல. பிளாஸ்க்குல வெந்நீர் எடுத்துட்டுப் போனேன். ஏதாவது சொல்லலாம்னு வாயெடுக்கும்போதெல்லாம் இருமல். ஒரு மூடி வெந்நீர் ஊத்திக் குடிப்பேன். குடிச்சு முடிக்கறதுக்குள்ள முதலாளியே பேச ஆரம்பிச்சிருவாரு. ரெண்டு மணி நேரம் பேசினாரு. கடைசியில என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘பிரமாதமான யோசனை சொன்னீங்கம்மா’ன்னாரு.”

வையாபுரி வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

“அப்பப் பேசாம இருந்தாப் போதுங்களா?”

“நான் எங்கே பேசாம இருக்கேன்? காலையிலிருந்து பேசிட்டுத்தானே இருக்கேன்.” கிண்ணத்தைக் கீழே வைத்தார். “உங்க கையில இப்ப யாரு இருக்காங்க?”

“துண்டு நெய்யற குழந்தைசாமி. பழுதான துண்டு, செகண்ட்ஸ், அதிகமா விழுதுன்னு கூப்பிட்டாரு. போன மாசம் போய்ப் பார்த்தேன். தறியை ரொம்ப வேகமா ஓட்டறாங்க, இழை அறுந்து போகுது. சொல்லிட்டு வந்தேன். காதுலயே போட்டுக்கலீங்க.”

“இன்னைக்குப் போங்க.”

“இன்னைக்குத் தறி ஓடாதுங்களே. போய் என்னத்தைப் பார்க்கறது?”

“பொரி கொடுப்பாங்க. சாப்பிட்டு வாங்க.”

சீடருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் குரு சொன்ன பிறகு என்ன செய்வது? போனார்.

கூடத்து வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. தறிகள் மாலை போட்டுக்கொண்டு சும்மா நின்றன. முப்பது வருடத்தில் ஒரு தறிக்கூடத்துக்குள் மின்விசிறிச் சத்தம் கேட்டது வையாபுரிக்கு அதுதான் முதல் தடவை.

“நல்ல நாள் பார்த்து வந்தீங்க சார்,” என்றார் குழந்தைசாமி. “ஒண்ணுமே ஓடல.”

“பொரி சாப்பிடலாம்னு வந்தனுங்க.”

குழந்தைசாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டு நிறையப் பொரியும் கடலையும் கொண்டுவந்து வைத்தார்.

வையாபுரி திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கையில் ஒரு பொரிப் பொட்டலம். முகத்தில் சிரிப்பா கடுப்பா என்று சொல்ல முடியாத ஒன்று.

“மேடம், ‘தறி வேகத்தைக் கூட்டினது நான்தானுங்க’ங்கறாரு. ஆர்டர் கை நழுவிருமோன்னு பயமாம். தறி ஓட்டறவங்க வேண்டாம்னாங்களாம், இவருதான் கேக்கலையாம். இப்பத் தூக்கமே இல்லைன்னு கண்ணுல தண்ணி விட்டாரு. அப்புறம் அவரே, ‘வேகத்தைக் குறைச்சிரலாமுங்களா சார்?’ங்கறாரு. போன மாசம் நான் பத்து நிமிஷத்துல சொன்னதுங்க! இன்னைக்கு அவரு புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி என்கிட்டயே சொல்றாரு!”

“கோபமா சார்?”

“கொஞ்சம்.” பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். “நாளைக்கு ஏழு மணிக்குத் தறி ஓட்டறவங்ககிட்டச் சொல்லப் போறாராம். இத்தனை நாள் திட்டிட்டு, தனியா நின்னு சொல்ல ஒரு மாதிரியா இருக்குதாம். பக்கத்துல வந்து நிக்க முடியுமான்னு கேட்டாரு. வேகம் சரியாகற வரைக்கும் ஒரு மாசம் தினமும் வரணுமாம்.”

“என்ன சொன்னீங்க?”

“வாய் நிறையப் பொரி. தலையை ஆட்டிட்டேன்.”

சொன்ன பிறகுதான், மில்லுக்குப் பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற நினைவு வந்தது போலிருக்கிறது. எழுந்தார், உட்கார்ந்தார். தன்னை அறியாமல் நடு மேசையிலிருந்த பிளாஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“மேடம், நாளைக்கு அவரு பக்கத்துல நின்னு நான் என்ன செய்யறது?”

“அது பூஜையில இருக்குது சார், இன்னைக்குத் தொடக் கூடாது,” என்றார் பூங்கோதை. “காலையில ஆறரைக்கு வாங்க. வெந்நீர் ஊத்தித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க.”